புதுச்சேரிப் பழைய நகரம்: வீடும் வீட்டுரிமையும்

புதுச்சேரியின் பழைய நகரம், கிழக்கே வங்கக் கடலும் ஏனைய திசைகளில் புல்வார் சாலைகளும் சூழ்ந்த நீள்வட்டப் பகுதி. வடக்குத் தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்கால் இதை இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டியிருப்பது பிரெஞ்சியர் பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி, அதன் தென்புறம் முஸ்லிம் தெருக்கள். 1693 முதல் 1699 வரை ஊரை ஆண்ட டச்சுக்காரர் வகுத்த நேர்கோட்டுத் தெருத் திட்டமே இன்றைய தெருக்களுக்கு அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினர். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சியர் பழைய கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினர். தெரு மூத்தது, வீடு இளையது என்ற இந்த வரிசை வீடு வாங்குவோருக்கும் பொருந்தும்: இங்கே ஒரு வீட்டின் மதிப்பு அது நிற்கும் தெருவிலிருந்து பிறக்கிறது. நிலச் சந்தையோ மனையின் சதுர அடியை மட்டுமே எண்ணுகிறது. பழைய வீடுகள் இடிபடுவதற்கும், எஞ்சிய வீடுகளில் குடித்தனங்கள் குறைவதற்கும் இந்த முரணே முதற்காரணம்.

தமிழர் பகுதி வீடு தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல் தருகிறது. அடுத்து திண்ணை, பிறகு கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். கீழ்த்தளம் தமிழ் மரபிலும் மாடி பிரெஞ்சு மரபிலும் அமைந்த வீடுகள் பல உண்டு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு மாளிகை அந்தக் கலப்புக்குச் சான்று. பிரெஞ்சியர் பகுதி வீடு உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கித் தன் தோட்டத்தைப் பார்த்து நிற்கும். தமிழர் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. பக்கச்சுவர் பெரும்பாலும் இருவருக்கும் பொது. அங்கே ஒரு வீட்டை இடித்துக் கான்கிரீட் அடுக்ககம் எழுப்பினால் தாழ்வாரத் தொடர் அறுபடுகிறது, பக்கத்து வீட்டுச் சுவர் மழைக்குத் திறந்துகொள்கிறது, முற்றத்தின் வெளிச்சமும் தனிமையும் போகின்றன. விற்றவர் விலையைப் பெற்றுக்கொள்கிறார். நட்டம் தெருவில் எஞ்சியோருக்கு.

ஒரு வீட்டின் நலம் அதன் சுவருக்குள் மட்டும் இல்லை என்ற இதே பாடத்தைக் கடலும் சொல்கிறது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் நகரின் தெற்கே கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் அதை மறித்ததால் நகரக் கடற்கரை மணலை இழந்து கற்குவியலாயிற்று. 2018இல் அமைத்த கடலடித் திட்டுக்குப் பின்னரே ஓரளவு மணல் திரும்பியது. கரையோர வீட்டின் பாதுகாப்பு, அதன் உரிமையாளர் கைக்கு எட்டாத பொதுப்பணிகளில் இருக்கிறது. அவர் கைக்கு எட்டுவது சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, காரை பெயரும். உப்புக்காற்று கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்க வைக்கிறது. எனவே பழையதை இடித்துப் புதியதைக் கட்டினால் பராமரிப்புச் செலவு தீரும் என்ற நம்பிக்கைக்குக் கடலோரத்தில் ஆதாரம் குறைவு.

உரிமை ஆவணங்களிலும் இந்நகரம் தனி. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். 1963இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது இவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய பங்கைத் தந்தை உயில் எழுதியும் பறிக்க முடியாது. 1962-63இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களின் வாரிசுகள் பலர் பிரான்சில் இருக்கிறார்கள். ஆகவே வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், பிரெஞ்சு மொழியிலுள்ள நொத்தேர் (பத்திர அலுவலர்) பத்திரம், விற்பவரின் குடும்பத்துக்குப் பொருந்தும் வாரிசுச் சட்டம், வெளிநாட்டுப் பங்காளிகளின் ஒப்புதல், அதிகாரப் பத்திரத்தின் உண்மை ஆகிய நான்கையும் சரிபார்க்க வேண்டும். பங்குகள் தீராத வீடு பூட்டிக்கிடக்கும். பூட்டிய வீட்டின் கூரையில் அரசங்கன்று முளைக்கும்.

பழைய வீடுகளை இடிக்காமல் காக்கும் பாதுகாப்பு விதிகளுக்கு மூன்று மறுப்புகள் எழுகின்றன. முதலாவது, பழைய கட்டடம் ஆபத்தானது என்பது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் மேரி (நகராட்சி மன்றக்) கட்டடம் இடிந்து விழுந்ததை இதற்குக் காட்டுவர். ஆனால் அது நெடுநாள் பராமரிப்பின்றிக் கிடந்தது. அந்த வீழ்ச்சிக்கு வயதைவிடப் புறக்கணிப்பே பெரிய காரணம். பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட மேரி, காலத்தில் செய்யாத பழுதுபார்ப்பு பிறகு எவ்வளவு பெரிய வேலையாக வளரும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, தன் வீட்டை இடிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது. இதில் நியாயம் இருக்கிறது. தெருவின் அழகுக்கான செலவை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது முறையல்ல. விடை செலவைப் பகிர்வதில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தது; 2008இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. தனி வீட்டுக்கு ஆகாத காரியம் தெருவுக்கு ஆயிற்று.

மூன்றாவது மறுப்பே வலுவானது: விடுதிகளும் உணவகங்களும் வராவிட்டால் சீரமைக்கப் பணம் ஏது? சுற்றுலாப் பணம் பல கூரைகளைக் காத்திருப்பது உண்மை. ஆனால் அதே பணம் மனை விலையை ஏற்றி, குடியிருக்க விரும்புவோரை விலக்குகிறது. குடித்தனம் போன தெருவில் மளிகைக் கடையும் பள்ளிப் பிள்ளைகளும் போய்விடுகின்றன. சுற்றுலா சரிந்தால் கூரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. ஆகையால் உதவித்தொகையும் வரிச்சலுகையும் வீட்டில் வசிப்பவருக்கே முதலில் சேர வேண்டும். வாங்குவோரும் மனை விலையோடு, வாரிசுத் தீர்வு, சுண்ணாம்பு வேலை, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்த்தே வீட்டின் விலையைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு கட்டுப்படியாகாதவருக்குப் பழைய நகரத்தைவிடப் புல்வாருக்கு வெளியே உள்ள புது வீடே ஏற்றது.