சைகோன் அங்காடியும் நம்மவர் கணக்கும்

வியட்நாம் தேசத்தின் தென்பாகத்துப் பெரும் பட்டணமாகிய சைகோனுக்குச் செல்வோர் பென்தான் அங்காடியைக் காணாது திரும்புதல் அரிது. 1976-ஆம் ஆண்டில் அப்பட்டணத்துக்கு ஹோ சி மின் நகரம் எனப் பெயர் சூட்டப்பட்டதாயினும், மக்கள் நாவில் சைகோன் என்னும் பழம்பெயர் இன்றும் வழங்கி வருகிறது. அங்குச் சென்ற யானும் ஒரு காலைப் பொழுதை அவ்வங்காடியிற் கழித்தேன். கண்டவற்றினும், கண்டபின் எண்ணியவை மிகுதியாதலின், அவற்றை நம் தோட்டத்துச் சகோதரர்க்கும் நகரத்து அன்பர்க்கும் கூற விழைகிறேன்.

பென் என்பது படகுத்துறை. தான் என்பது கோட்டை. கோட்டைக்கருகே ஆற்றுத்துறையிற் கூடிய சந்தையாதலின் இப்பெயர் பெற்றது. 1859-இல் பிரெஞ்சுப் படை பட்டணத்தைக் கைப்பற்றிய பின்னர், சந்தை ஒரு வாய்க்காற் கரையில் அமைக்கப்பட்டது. படகுகள் சரக்கோடு அவ்வாய்க்கால் வழியே வந்து சேரும். 1870-இல் அச்சந்தை தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. 1887-இல் வாய்க்கால் தூர்க்கப்பட்டுப் பெருவீதியாயிற்று. நுயென் ஹுவே வீதி எனப்படுவது அதுவே. நாளடைவில் சந்தைக் கட்டடம் பழுதுறவே, சற்றுத் தொலைவிலிருந்த சதுப்பு நிலத்தை மேடாக்கி, 1912 முதல் 1914 வரை இப்போதுள்ள அங்காடியைக் கட்டினர். 1914 மார்ச்சு இறுதியிற் பெருவிழாவோடு அது திறக்கப்பட்டது. நான்கு பெருவாயில்களும், தெற்கு வாயிலின்மேல் மணிக்கூண்டும் உடையது. துணி, கருவாடு, காப்பிக்கொட்டை, கனிவகை ஆகியன விற்கும் சிறு கடைகள் உள்ளே நெருங்கியிருக்கின்றன. கடை நடத்துவோர் பெரும்பாலும் பெண்களே.

அங்காடியின் இருமருங்கும் செல்லும் வீதிகளின் பெயர்களைக் கவனியுங்கள். கிழக்கே ஃபான் போய் சாவ் வீதி. மேற்கே ஃபான் சூ திரின் வீதி. முன்னவர் 1905-இல் ஜப்பானுக்குச் சென்று, தம் நாட்டு இளைஞரை அங்கு வரவழைத்துக் கல்வி பயிலச் செய்தவர். 1925-இல் ஷாங்காய் நகரிற் பிடிபட்டு, 1940-இல் இறக்கும் வரை ஹுவே நகரிற் காவலில் வைக்கப்பட்டவர். பின்னவர் புதுமுறைப் பள்ளிகளும் சுதேச வாணிபமும் பெருகவேண்டுமென்று ஊரூராய்ப் பேசியவர். 1908-இல் சிறைப்பட்டுத் தீவுக்கு அனுப்பப்பட்டவர். அவர் 1926-இல் சைகோனிற் காலமானபோது, அந்நகரம் அதுவரை கண்டிராத பெருங்கூட்டம் இறுதி ஊர்வலத்திற் சென்றது. அந்நியர் கட்டிய அங்காடியை இன்று இவ்விரு சீர்திருத்தக்காரர் பெயர்களும் காத்து நிற்பனபோலத் தோன்றுகின்றன. தெற்கு வாயிலின் முன்னுள்ள சதுக்கமோ, 1963 ஆகஸ்டு 25-ஆம் நாள் அரசின் கொடுமையை எதிர்த்த கூட்டத்திற் சுடப்பட்டு இறந்த குவாச் தி திராங் என்னும் பதினைந்து வயது மாணவியின் பெயரைப் பெற்றது.

நிற்க. இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு. அங்காடியினின்று சில நிமிட நடையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கு வணங்க வருவோரிற் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. கோயிலைக் கட்டியவர் சென்றபின்னும் அயலார் அதனைத் தமதெனப் பேணுவது கண்டு மனமுருகினேன். ஆயினும் கோயிலோடு கணக்கு முடியவில்லை. நம் செட்டிமார் நெல் விளையும் கழனிகளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தனர். 1930-க்குப்பின் நெல்விலை வீழ்ந்தபோது, உழவர் பலரின் நிலங்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறின.

இன்னொரு சாராரின் கதை என்னைப் பெரிதும் வருத்திற்று. 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரெஞ்சிந்தியர் தம் சாதி வழக்குகளை ஆளும் முறையைத் துறந்து, பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை ஏற்கலாயிற்று. அவ்வாறு துறந்தோரிற் பலர் தாழ்த்தப்பட்டவர். புதுக் குடும்பப்பெயர் பூண்டு சமத்துவம் நாடியவர். இதனினும் போற்றத்தக்க துணிவு யாது? அத்தகையோரிற் பலர் சைகோன் சென்று, அரசாங்க எழுத்தராயும் காவலராயும் அமர்ந்தனர். பிரெஞ்சிந்தியாவினின்று சென்ற தமிழர் சிலர் சந்தை வரி வசூலிக்கும் குத்தகையும் பெற்றனர். தமக்குச் சமத்துவம் கேட்டுப் பெற்றவர், அவ்வுரிமையற்ற வியட்நாமியக் கீரைக்காரியிடம் ஆள்வோர்க்காகக் காசு வாங்கும் நிலையில் நின்றனர்.

தோட்டத்திற் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பிறர் கதையாகத் தோன்றவில்லை. ஆங்கிலம் கற்றதனால் நாற்காலியில் அமர்ந்தேன். வெயிலில் நிற்பவர் பெயரை எழுதுகிறேன். என் உயர்வு அவர் உயர்வுக்கு வழியாயிற்றா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அன்பர்களே, தனக்கு மட்டும் தேடும் சமத்துவம் சமத்துவமாகாது. கடல் கடந்து சென்ற தமிழர் கட்டிய கோயில்களை எண்ணிப் பெருமை கொள்வோம். அவ்வூர் மக்களிடம் நாம் வாங்கியதையும் அவர்க்கு நாம் கொடுத்ததையும் அதே ஏட்டில் எழுதிப் பார்ப்போம். அக்கணக்கை நேர்மையாய் எழுதுவோரே நாளை வாழும் ஊரில் நல்ல அயலாராவர்.