சிவப்புப் புத்தகம்

வீட்டைப் புதுப்பித்துத் தருகிற காண்ட்ராக்டர்கள் நம்மிடம் இரண்டு படங்களை நீட்டுகிறார்கள். ஒன்று 'முன்பு', இன்னொன்று 'பின்பு'. நாமும் மயங்கி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். இருநூறு வருஷத்துக்கு முன்பே இந்த வித்தையில் கரை கண்டவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். பெயர் ஹம்ப்ரி ரெப்டன்.

1752-ல் பிறந்த அவர் ஜவுளி வியாபாரம் செய்து நொடித்தவர். வேறு சில முயற்சிகளிலும் கைப்பணம் கரைந்தது. 1788-ல், முப்பத்தாறு வயதில், குடும்பமும் கையுமாக நின்றார். தெரிந்ததெல்லாம் நீர்வர்ணத்தில் படம் எழுதுவதுதான். பெரிய மாளிகைகளுக்குத் தோட்டம் அமைத்துப் புகழ் பெற்ற 'கேப்பபிலிட்டி' பிரௌன் இறந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த இடம் காலி என்று ரெப்டனுக்குத் தோன்றியது. அறிமுகமான கனவான்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அளவைக் கருவியோடு தாம் நிற்க, ஆட்கள் மண் வெட்டுவதாகப் படம் போட்டு விலாசச் சீட்டு ஒன்றும் அச்சடித்துக்கொண்டார்.

அவருடைய பிரம்மாஸ்திரம் சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தனித்தனியாக, தம் கையாலேயே எழுதிக் கொடுப்பார். உள்ளே அவர்கள் வீட்டுப் படம். மேலே ஒட்டிய ஒரு சிறு தாள். தாள் மூடியிருந்தால் இன்றுள்ள சேறும் வேலியும் தெரியும். தூக்கினால் ஏரி, புல்வெளி, மரக்கூட்டம்! தூக்குவது யார்? வீட்டுக்காரரேதான். தம் கையாலேயே அதிசயம் நிகழ்வதாக அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? புத்தகம் வரவேற்பறை மேஜையில் கிடக்கும். வந்த விருந்தாளி புரட்டுவார். அடுத்த அழைப்பு அவர் வீட்டிலிருந்து வரும்.

பாக்கெட் டைரி ஒன்றிலும் அவர் வரைந்த மாளிகைப் படங்கள் பொடிப்பொடியாக அச்சாகி வந்தன. 1814-ல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலில் பாத்திரங்கள் அவர் பெயரைச் சொல்லி, நாள் ஒன்றுக்கு ஐந்து கினி கூலி என்று பேசிக்கொள்கிறார்கள். இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

ஆனால் காசு சேரவில்லை. பிரௌன் வேலையையே காண்ட்ராக்ட் எடுத்து லாபம் பார்த்தவர். ரெப்டனுக்குக் கிடைத்தது யோசனைக்கும் புத்தகத்துக்கும் உள்ள கூலிதான். படத்தைப் பார்த்ததோடு திருப்தியடைந்து, மண்வெட்டியைத் தொடாமலே இருந்துவிட்ட பிரபுக்களும் உண்டு.

1811-ல் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. பிறகு சக்கர நாற்காலி. 1816-ல் வெளியிட்ட கடைசிப் புத்தகத்தில் தம் சொந்தக் குடிசையின் முகப்பையே இரண்டு விதமாகக் காட்டினார். தாளை மூடினால் தெருவில் இறைச்சிக் கடை, வேலியோரம் ஒரு பிச்சைக்காரன். தூக்கினால் ரோஜாவும் செடிகளும். கடை மறைந்துவிடும், பிச்சைக்காரனைக் காணோம். எனக்கென்னவோ தாளைத் திரும்ப மூடி அந்த மனிதனைப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அவன் எங்கே போனான் என்று படம் சொல்லவில்லை.

ரெப்டன் 1818-ல் காலமானார். நார்போக்கில் எயில்ஷம் மாதாகோயிலில் அவர் சமாதி இருக்கிறது. அதன்மேல் ரோஜா வளரவேண்டும் என்பது அவர் ஆசை.