இ.இ.சி.பி. சிகிச்சை

இ.இ.சி.பி. (மேம்படுத்திய வெளிப்புற எதிர்த்துடிப்பு) என்பது இதயத் தமனி அடைப்பால் வரும் நாள்பட்ட மார்புவலியைத் தணிக்க, உடலைக் கீறாமல் செய்யப்படும் சிகிச்சை. மருந்துக்குப் பிறகும் வலி நீடித்து, ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றுக்கு வழியில்லாதவர்களுக்கே இது பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது.

செயல்முறை

படுத்திருக்கும் நோயாளியின் கெண்டைக்கால், தொடை, புட்டம் ஆகிய இடங்களில் காற்றுப்பட்டைகள் சுற்றப்படும். ஈ.சி.ஜி.யைப் பின்பற்றி, இதயம் தளரும் வேளையில் பட்டைகள் கீழிருந்து மேலாக வரிசையாக இறுகும். இதயத் தசைக்கான ரத்தம் பெரும்பாலும் அந்த வேளையில்தான் பாய்கிறது. மேலே தள்ளப்படும் ரத்தம் அந்தப் பாய்ச்சலுக்கு வலுச்சேர்க்கும். இதயம் சுருங்குவதற்குச் சற்று முன் பட்டைகள் ஒருசேரத் தளர, இதயத்தின் சுமை குறையும். நாளுக்கு 1 மணி நேரம், வாரம் 5 நாள், 7 வாரம் என மொத்தம் 35 மணி நேரம் வழக்கம்.

வரலாறு

எதிர்த்துடிப்புக் கருத்துக்கு 1953இல் கான்ட்ரோவிட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு அடித்தளமிட்டது. வரிசையாக இறுகும் காற்றுப்பட்டை முறையைச் சீன மருத்துவர் ஷெங் ஷென்ஷெங் குழுவினர் வளர்த்தெடுத்தனர்.

பயனும் வரம்பும்

1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 139 நோயாளிகள் பங்கேற்றனர். முழு அழுத்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, குறைந்த அழுத்தத்தில் போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட மார்புவலி குறைந்தது. ஆயினும் இது ஆயுளை நீட்டும் என்றோ, அடைப்பைக் கரைக்கும் என்றோ நிறுவப்படவில்லை. மாரடைப்புக்கான அவசர சிகிச்சைக்கு இது மாற்றும் அல்ல. பெருந்தமனி வால்வில் கடுமையான கசிவு, பெருந்தமனி வீக்கம், காலில் ரத்தக்கட்டு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஏற்றதல்ல.

சேர்வராயன் மலையில்

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். காப்பித் தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்கி வேலை செய்பவருக்கு, நடையில் தோன்றி ஓய்வில் அடங்கும் மார்புவலி இதயத் தமனி அடைப்பின் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். அதைக் களைப்பென்று தள்ளிவிடக் கூடாது. சமவெளியில் இச்சிகிச்சை பெற வேண்டுமானால் 35 முறை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டும். கூலி இழப்பும் பயணச்செலவும் சேரும். தங்கும் இடம், போக்குவரத்து ஆகியவற்றையும் முன்கூட்டித் திட்டமிட்டால்தான் மலைவாழ் நோயாளி 7 வாரச் சிகிச்சையை இடையில் கைவிடாமல் முடிக்க முடியும்.