மறைமொழியும் மாந்தர் பழக்கமும்

கோட்டையின் வலிமை மதிலில் மட்டும் அமைவதன்று. வாயில் காப்போனின் விழிப்பிலும் அமைவது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் கடவுச்சொல் இட்டு வாழும் நமக்கு இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

யேர்மனியப் படையினர் தம் செய்திகளை மறைத்தனுப்ப ‘எனிக்மா’ என்னும் பொறியைக் கைக்கொண்டனர். போர்க்காலத்தில் அதனை அமைக்கத்தக்க முறைகள் 15 இலட்சம் கோடி கோடிக்கும் மேற்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து வெல்லுதல் மாந்தர்க்கு இயல்வதன்று. ஆயின், ஒவ்வொரு செய்திக்கும் உரிய மூன்றெழுத்துத் திறவினைத் தெரியும் பொறுப்பு, பொறியை இயக்குவோனிடமே விடப்பட்டிருந்தது. அவனோ ஒரே எழுத்தை மும்முறை இட்டு அமைந்தான். 1932 ஆம் ஆண்டின் இறுதியிலே பொறியின் உள்ளமைப்பைக் கணித்தறிந்த போலந்துக் கணித அறிஞர் மரியன் றெயெவ்ஸ்கிக்கு இச்சோம்பல் துணையாயிற்று. பின்னர் அவ்வாறு இடுதல் தடுக்கப்பட்டது. உடனே இயக்குவோர் எவ்வெழுத்தும் இருமுறை வாராவண்ணம் தெரியத் தலைப்பட்டனர். அதுவும் பகைவர் கணிக்கத்தக்க பழக்கமேயாயிற்று. தடை பழக்கத்தை மாற்றியதேயன்றி ஒழித்திலது.

1940 பெப்ரவரியில், இங்கிலாந்தின் பிளெச்லி பாக்கிற் பணியாற்றிய யோன் ஹெறிவெல் என்பார் இயக்குவோனின் மனத்தையே ஆராய்ந்தார். காலையில் உருளைகளைப் பொருத்தியவன், அவற்றை மீண்டும் சுழற்றாது, கண்முன் நின்ற எழுத்துக்களையே அன்றைய முதற்செய்தியின் தொடக்கமாகக் கொள்வான் என ஊகித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அவ்வூகம் பலித்தது. யேர்மனிய விமானப்படையின் இரகசியம் வெளியாயிற்று. பொறி பழுதுபடவில்லை, பழக்கமே காட்டிக்கொடுத்தது.

கணினிக் காலத்தும் இக்கதையே தொடர்ந்தது. றொபேட் மோறிஸ், கென் தொம்சன் என்னும் அறிஞர் இருவர் 1979 இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் நூற்றுக்கு 86 எளிதிற் கண்டறியத்தக்கன என நிறுவினர். அவற்றுட் பல மிகக் குறுகியன. வேறு சில அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் உள்ளன. இதற்கு மாற்றாகக் காலந்தோறும் கடவுச்சொல்லை மாற்றுக எனப் பல நிறுவனங்கள் ஆணையிட்டன. மக்களோ பழைய சொல்லின் ஈற்றில் ஓரெண்ணைக் கூட்டி அமைந்தனர். எனவே, 2017 இல் அமெரிக்கத் தேசிய நியம, தொழினுட்ப நிறுவனம், தக்க காரணமின்றி அவ்வாறு வற்புறுத்தலாகாதென அறிவுறுத்திற்று. எனிக்மாவை இயக்கியோர் கற்பித்த பாடம் எண்பது ஆண்டுகளின் பின்னரும் மீளக் கற்கப்பட்டது.

ஆதலின் ஆணையினும் நற்பழக்கமே நமக்குக் காப்பாகும். தம்முள் தொடர்பற்ற நான்கைந்து சொற்களை இணைத்து நீண்ட கடவுச்சொல் அமைத்தல், ஒன்றனை ஈரிடத்து வழங்காமை, வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியெண்ணை எவர் கேட்பினும் உரையாமை, பொதுக் கணினியை விட்டெழுமுன் கணக்கை மூடுதல் என்பன நாடோறும் பயிலத்தக்கன. பிறநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் தாய்க்கு இவற்றை எடுத்துரைக்க வல்லவர் அவள் வீட்டு மாணவரே. பல் துலக்கலைப் பழக்கமாக்கியது போல் இவற்றையும் இளமையிலேயே பழக்கமாக்குதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.