முள் நடுவுக்கு வரட்டும்

சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் கூட்டின் மேலிருக்கும் ஆம்ப்மீட்டரில் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கால் இறுகும், முள் நடுவுக்கு வந்து நிற்கும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி. பழைய புல்லட் நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என் பட்டறைக்கு வந்து, அந்த மீட்டரைக் காட்டி, "இது எதுக்குண்ணே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புல்லட் வளர்ந்தது இங்கிலாந்தின் ட்ரயல்ஸ் போட்டிகளில். அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. ஓடை, பாறை, சேறு, செங்குத்து மேடு என்று பிரித்து வைத்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் தரையைத் தொட்டால் புள்ளி ஏறும், வண்டி நின்றுவிட்டால் இன்னும் அதிகம் ஏறும். குறைந்த புள்ளி வாங்கியவரே ஜெயித்தவர். 1948 தொடக்கத்தில் கோல்மோர் கோப்பை ட்ரயலுக்கு, பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புது வண்டிகளை ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்து இறக்கியது. பின்சக்கரம் ஆடினால் பிடிமானம் போய்விடும் என்று ட்ரயல்ஸ்காரர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில், பிரிட்டன் அணிக்காக புல்லட் ஓட்டிய சார்லி ராஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். விக்கின் மகன் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயலை என்ஃபீல்டில் ஜெயித்தார். அவருடைய வண்டி எண் எச்.என்.பி. 331. பழைய வண்டிப் பிரியர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பொறிக்கு அந்தக் காலத்து ட்ரயல்ஸ்காரர்கள் நம்பியது மேக்னட்டோவை. அதற்கு பேட்டரி வேண்டாம். சுற்றினால் போதும், தன் கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாறையில் குதிக்கும் வண்டிக்கு, ஆசிட் ததும்பும் பேட்டரியைவிட இதுதான் தோதானது. ஆனால் மேக்னட்டோவுக்கென்று ஒரு கெட்ட நோய் உண்டு. காலையில் ஒரே மிதியில் கிளம்பும். மலையேறிச் சூடாகி நின்றால் மறுபடி கிளம்பாது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் மேல்பூச்சு சூட்டில் இளகும், இல்லையென்றால் கண்டன்சர் போயிருக்கும். அந்தக் கண்டன்சர் ஆர்மேச்சருக்குள்ளேயே புதைந்திருப்பதால் மொத்தத்தையும் பிரிக்காமல் மாற்ற முடியாது. ஓடைத் தண்ணீர் உள்ளே போனால் அது தனிக் கதை. 1965இல் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாக்கோவில் அதே ஸ்காட்டிஷ் ட்ரயலை ஜெயித்தார். லேசான டூ ஸ்ட்ரோக் வண்டி, ஃப்ளைவீல் மேக்னட்டோ. அதோடு ட்ரயல்ஸில் கனத்த ஃபோர் ஸ்ட்ரோக்குகளின் காலம் இறங்கிவிட்டது. 1967இல் ராயல் என்ஃபீல்டின் ரெடிட்ச் தொழிற்சாலையே மூடப்பட்டது.

ஆனால் புல்லட் அதற்கு முன்பே மெட்ராஸ் வந்து சேர்ந்திருந்தது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 புல்லட் வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர் தொழிற்சாலை வண்டியில் மேக்னட்டோவுக்குப் பதில் பேட்டரியும் காயிலும், திறந்து மூடும் பாயிண்டும் இருந்தன. ஆம்ப்மீட்டரும் இருந்தது. அதை வைத்தது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க. நம்மூர் மெக்கானிக்குகள் அதிலே நாடி பிடித்தார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, வண்டி கிளம்பவில்லை என்று யார் தள்ளிக்கொண்டு வந்தாலும், "மொதல்ல முள்ளப் பாருடா, அப்புறம் ஸ்பேனரத் தொடு" என்பார். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாகக் கரண்ட் ஓடும், முள் மைனஸில் நிற்கும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் அறும், பிளக்கில் பொறி விழும், முள் நடுவுக்கு வரும். அது பிஸ்டன் அழுத்தத்தோடு உச்சிக்குப் போகிற நேரம். அங்கே நிறுத்தி, உச்சியைச் சற்றுத் தாண்டவிட்டு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்காது. கணுக்கால் தப்பும்.

எத்தனை முறை கிக்கரை அழுத்தினாலும் முள் நடுவிலேயே கிடந்தால், கரண்ட் காயிலுக்கே போகவில்லை. பேட்டரி, ஃபியூஸ், அறுந்த ஒயர், அழுக்கேறிய பாயிண்ட் என்று அந்த வழியிலேயே தேட வேண்டும். முள் மைனஸைவிட்டு நகரவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை. குதிகால் தேய்ந்து இடைவெளி செத்திருக்கும், அல்லது கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும். முள் ஒழுங்காகப் போய்வந்து, வண்டி மட்டும் கிளம்பவில்லையா? பாயிண்ட் பக்கத்தைத் தொடாதே, பிளக்கைக் கழற்று. ஈரமாகப் பெட்ரோல் வாசம் அடித்தால் பொறியில் குறை, வறண்டு கிடந்தால் கார்புரேட்டரில். பிளக்கை எஞ்சின் மேல் வைத்து மிதித்துப் பார்க்கும்போது பொறி நீலமாகச் சடசடக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் வெளியில்தான் தெரியும், உள்ளே அழுத்தத்தில் அணைந்துவிடும்.

டைமிங் வைக்க என் மேஸ்திரியிடம் இருந்த கருவிகள் ஒரு சைக்கிள் ஸ்போக்கும் ஒரு துண்டு சிகரெட் பேப்பரும். ஸ்போக்கைப் பிளக் துளையில் விட்டுப் பிஸ்டனின் உச்சியைப் பிடிப்பார். பேப்பரைப் பாயிண்டுக்கு நடுவில் செருகி இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றுவார். பேப்பர் நழுவும் இடம் பொறி விழும் இடம். அப்புறம் ஃபீலர் கேஜில் பாயிண்ட் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஒரு பார்வை. எந்தப் புத்தகத்திலும் இதை இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

1977இல் அதே புல்லட் இங்கிருந்து பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. 2019இல் ஜானி பிரிட்டனுக்கு மரியாதையாக புல்லட் ட்ரயல்ஸ் என்ற வண்டியும் வந்தது. அதில் செல்ஃப் ஸ்டார்ட் உண்டு, பாயிண்ட் கிடையாது. குறை சொல்ல மாட்டேன், மழையில் அது நன்றாகவே கிளம்புகிறது.

என் வருத்தம் பழைய வண்டிகளைப் பற்றியது. சின்னக் கோளாறுக்கே காயில், பாயிண்ட், கண்டன்சர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டிவிடுகிறார்கள். பாயிண்ட் வைத்த புல்லட் உங்களிடம் இருந்தால் அதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்கள் ஊரில் முள்ளைப் பார்த்தே கோளாறு சொல்லும் மேஸ்திரி யாராவது இன்னும் இருப்பார். வண்டியை அவரிடம் கொண்டுபோங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள்.