நெல் வயலில் பாசியா, அசோலாவா? முடிவு செய்வது நாம் இடும் உரம்

நடவு முடிந்த சில நாள்களில் வயல் நீரில் பச்சைப் பாசி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏற ஏறப் பாசிக்குள் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து, அது பாய் போல மேலே மிதக்கும். தண்ணீர் வடிந்ததும் அதே பாய் இளம்பயிர் மீது படிந்து அமுக்கிவிடும். நேரடி விதைப்பு வயலில் இந்தச் சேதம் இன்னும் அதிகம். இதற்கு என்ன மருந்து போடலாம் என்றுதான் விவசாயிகள் முதலில் கேட்கிறார்கள். பாசிக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

தண்ணீர் நிற்கும் வயல் ஒரு சிறு குளம்தான். அதில் பாசி, அசோலா, நீர்க்களை, நெல் எல்லாமே வெளிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் போட்டியிடுகின்றன. எந்தச் சத்து மிகவும் பற்றாக்குறையோ அதுதான் வளர்ச்சியைக் கட்டிப்போடும். வயல் நீரில் பெரும்பாலும் அது மணிச்சத்து. ஏனென்றால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடவுக்குப் பின் தேங்கிய நீரில் டிஏபியைத் தூவினால், தழையும் மணியும் ஒரே நேரத்தில் பாசிக்குக் கிடைக்கின்றன. நெல்லுக்கு அப்போது வேர் சரியாகப் பிடித்திருக்காது. பயிருக்கு வாங்கிய உரத்தைப் பாசி முதலில் தின்கிறது.

நஷ்டம் அத்துடன் முடிவதில்லை. பகலில் பாசி நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. நடுப்பகலில் கார அமில நிலை 9-ஐத் தாண்டுவதும் உண்டு. அந்த நீரில் யூரியா தூவினால், அதிலிருந்து வரும் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும். யூரியா போட்டும் பயிர் பச்சை கட்டவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அசோலாவின் பலம் வேறு. அதன் இலைக்குழிகளில் வாழும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் நீரில் தழைச்சத்து குறைவாக இருக்கும்போது மற்றவை ஏங்கி நிற்க, அசோலா பெருகும். நீர்ப்பரப்பை மூடியதும் கீழே வெளிச்சம் போகாது. பாசி ஒடுங்கும், நீருக்குள் முளைக்கும் சிறு களைகள் குறையும், பகலில் காரத்தன்மை ஏறுவதும் மட்டுப்படும். ஆனால் குதிரைவாலி போல நிமிர்ந்து வளரும் களையை அசோலா அடக்காது, அதற்குக் களையெடுப்புதான்.

எனவே வரிசை முக்கியம். அடியுரமாக இடும் மணிச்சத்தைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள். நட்ட 3 முதல் 5 நாளுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ அசோலாவைப் பரவலாகத் தூவுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அசோலாவின் வேர் நீரில் தொங்குவதால் மண்ணிலுள்ள மணிச்சத்து அதற்கு எளிதில் எட்டாது. நீரை ஆழமாகத் தேக்காமல் வைத்தால் வேர் சேற்றைத் தொடும். அப்படியும் இலை செம்பழுப்பாக மாறி, பெருக்கம் நின்றால் மணிச்சத்துப் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம் (கடும் வெயிலிலும் சிவக்கும் என்பதால் இரண்டையும் பாருங்கள்). அப்போது சிறிதளவு சூப்பர் பாஸ்பேட்டை அசோலா மீதே தூவலாம். அசோலா மூடுவதற்கு முன்பு தூவினால் அது பாசிக்கே போகும்.

முதல் களையெடுப்பின்போது அசோலாவைச் சேற்றில் மிதித்து விடுங்கள், அல்லது கோனோவீடர் ஓட்டுங்கள். மட்கிய பிறகுதான் அதிலுள்ள தழைச்சத்து நெல்லுக்குக் கிடைக்கும். மிதந்துகொண்டே இருந்தால் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். மேலுரமாக யூரியா இடும் முன் நீரை வடித்து, ஈரமண்ணில் இட்டு, பிறகு நீர் கட்டுவது நல்லது. நெல் தூர் கட்டி நிழல் விழுந்ததும் மீதி அசோலா தானாகவே குறைந்துவிடும்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அசோலாவையும் அது விடாது; வடியும் நீர் குளத்தில் சேர்ந்தால் மீனுக்கும் ஆபத்து. செத்த பாசி அழுகி அதே சத்தை நீரில் விடுவதால், கொஞ்ச நாளில் அடுத்த பாசி வரும்.

கோடையில் அசோலாவை நம்பி இறங்க வேண்டாம். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பெருக்கம் தளர்ந்துவிடும். புழுக்களும் நத்தைகளும் தின்னும். சம்பா பருவமே அதற்கு ஏற்றது.

மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டை பக்கத்தில் இருந்தால் வடிகால் வாயில் வலை கட்டிவிடுங்கள். வயலில் நமக்கு உதவும் அதே நிழல் குட்டையில் கெடுதல் செய்யும். நீர்ப்பரப்பு முழுவதும் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி வளராது, அதைத் தின்னும் மீனுக்கு இரை குறையும். நீரில் பிராணவாயுவும் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். தீவனமாக வேண்டுமென்றால் குட்டையின் ஒரு மூலையில் மூங்கில் சட்டம் மிதக்கவிட்டு, அதற்குள் மட்டும் அசோலாவை வளர்த்து, புல்கெண்டைக்கு அள்ளிப் போடுங்கள்.