காதை விலையாகக் கேட்ட மருந்து

கனடாவில் இது காலைக் காபி நேரம், ஆஸ்திரேலியாவில் நள்ளிரவு. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

நான் மருத்துவர் இல்லை. மூன்றரை வருட நர்சிங் டிப்ளமோ படித்து, திருநெல்வேலிப் பக்கம் சில வருடங்கள் டிபி வார்டில் வேலை பார்த்துவிட்டு அயர்லாந்துக்கு வந்தவள். மருத்துவ வரலாறு பேசுகிறவர்கள் பெரும்பாலும் மருந்தைக் கண்டுபிடித்தவரின் பக்கத்தில் நின்று பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது ஊசி போடுகிற பக்கம். அங்கே நின்று, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தையும் அது மனிதர்களின் காதுக்குச் செய்ததையும் பற்றிப் பேசப் போகிறேன்.

இலக்கியக் கூட்டம் என்பதால் ஓர் எழுத்தாளரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ஜார்ஜ் ஆர்வெல், '1984' நாவலின் முதல் வரைவை முடித்த கையோடு காசநோயால் படுக்கையில் விழுந்தார். 1948-ல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலிருந்த ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில் கிடந்தார். பிரிட்டனில் அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் கடையில் கிடைக்காது. பத்திரிகை ஆசிரியரான நண்பர் டேவிட் ஆஸ்டர், சுகாதார அமைச்சர் அனியூரின் பெவனிடம் அனுமதி வாங்கி அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். ஆர்வெலின் உடம்பு அதை ஏற்கவில்லை. தோல் உரிந்தது, வாய் புண்ணானது, முடியும் நகமும் கொட்டின. ஊசியை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த மருந்தில் வேறு இரண்டு பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்துபோனார்.

அவருக்கு வந்தது ஒவ்வாமை, அவ்வளவு கடுமையாக வருவது அரிது. இந்த மருந்து வாடிக்கையாகக் கேட்கிற விலை வேறு.

1943 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலவறை ஆய்வகம் ஒன்றில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். இரண்டு வகைகள் கிடைத்தன. ஒன்று எரு போட்ட நிலத்து மண்ணிலிருந்து, மற்றது ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. அந்தக் கோழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன் பெயரும் புகழும் அடைந்தார். ஷாட்ஸ் 1950-ல் வழக்குப் போட்டார், சமரசத்தில் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும்தான். இந்தச் சண்டையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். காதைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

மினசோட்டாவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் ஃபெல்ட்மன், கார்வின் ஹின்ஷா இருவரும் அதைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 1944 கடைசியில் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே தலைசுற்றலையும் காது பாதிப்பையும் எழுதிவைத்துவிட்டார்கள். அதாவது இது பின்னாளில் தெரியவந்த ரகசியம் கிடையாது. மருந்து மனிதருக்குள் போன முதல் வருடத்திலிருந்தே தெரியும்.

1947-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு சோதனையை ஆரம்பித்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த அந்த முறை இன்றைய மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் முன்மாதிரி. மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். மருந்து எல்லோருக்கும் போதாது என்பதால் யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கல் மாதிரி முடிவு செய்ததில் தவறில்லை என்று நினைத்தார்கள். ஆறு மாதத்தில் ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 4 பேர். ஆறு மணி நேரத்துக்கு ஓர் ஊசி, நான்கு மாதம். ஒருவருக்குச் சுமார் 480 ஊசிகள் என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது. எந்த நர்ஸும் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடுவாள்.

மருந்து எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலைசுற்றல் வந்தது. அறிக்கையில் அதற்கும் ஒரு பத்தி இருக்கிறது. ஆனால் வெற்றியைச் சொன்னது சாவின் கணக்கு. 14-ஐயும் 4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்றைக்கு யார்தான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பார்கள்? நானும் ஊசியைத்தான் எடுத்திருப்பேன்.

விலையைக் குறைக்க முயற்சி நடந்தது. 1946-ல் மருந்தோடு ஹைட்ரஜன் சேர்த்து டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒன்றைச் செய்தார்கள். தலைசுற்றல் குறைவு என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகுதான், அது சமநிலை உறுப்பை விட்டுவிட்டுக் கேட்கும் உறுப்பைத் தாக்குகிறது என்பது தெரிந்தது. சிலருக்கு ஊசி நின்று மாதங்கள் கழித்துக் காது போனது. அடுத்து இரண்டையும் பாதிப் பாதி கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், பாதித் தள்ளாட்டமும் பாதிச் செவிடும் போதும் என்பதுபோல. கடைசியில் டைஹைட்ரோ கால்நடை மருத்துவத்தோடு நின்றுபோனது.

காதுக்குள் என்ன நடக்கிறது? நம் ஊரில் 'காது நரம்பு செத்துப்போச்சு' என்பார்கள். முதலில் போவது நரம்பு இல்லை. உள்காதில் நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, காக்ளியா என்று பெயர். அதற்குள் வரிசையாக நிற்கும் மயிர்ச்செல்களை 1851-ல் இத்தாலியரான அல்ஃபோன்சோ கோர்ட்டி நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். ஒரு காதில் ஏறக்குறைய 15,000 செல்கள்தான். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பல கோடி. அதோடு பார்த்தால் காது ஏழை வீடு.

ஒலி எந்த இடத்தைத் தட்டுகிறது என்பதைக் கண்டவர் ஹங்கேரியின் கேயோர்க் ஃபோன் பெகேஷி. புடாபெஸ்டில் தொலைபேசித் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இறந்தவர்களின் காக்ளியாவை எடுத்து, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் அது அசைவதைக் கண்ணாலேயே பார்த்தார். ஒலி அதில் ஓர் அலையாக ஓடுகிறது. கீச்சொலிகள் வாசலிலேயே உச்சம் தொட்டுவிடுகின்றன, கனத்த ஒலிகள் உள்சுருள் வரை போகின்றன. 1961-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பத்து மருந்துகள் வாசல் பக்கத்துச் செல்களை முதலில் கொல்லும். அதனால் முதலில் போவது கீச்சொலி. நோயாளிக்கு அது தெரியாது, பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். சேதம் உள்ளே நகரும்போது 'ச', 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகள் கரையும். 'சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியல' என்று ஒருவர் சொல்லும்போது கணிசமான செல்கள் செத்திருக்கும்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது ஒன்று. ஒலி வந்து மயிர்களைச் சாய்க்கும்போது செல்லின் உச்சியில் நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. அந்தத் திறப்புதான் கேட்டல். மருந்தும் அதே வாயில் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. உள்ளே போனதும் மைட்டோகாண்டிரியாவைத் தாக்குகிறது. மைட்டோகாண்டிரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்து நம் செல்களுக்குள் குடிவந்தது என்பது இன்றைய அறிவியல். பாக்டீரியாவைக் கொல்லப் போன மருந்து, நமக்குள் இருக்கிற பழைய பாக்டீரியாவின் சாயலையும் அடையாளம் கண்டுகொள்கிறது.

செத்த மயிர்ச்செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும். மருந்தாலோ பேரொலியாலோ காது கெட்ட பறவைகளுக்குச் செல்கள் மறுபடி வளர்வதை 1980களில் கண்டுபிடித்தார்கள். எந்தப் பறவையின் தொண்டையிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததோ, அந்தப் பறவைக்கு அந்த மருந்தால் நிரந்தர நஷ்டம் இல்லை.

சரி, சென்னைக்கு வருவோம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைப் பிரித்துச் சிலரைத் தாம்பரம் போன்ற சானட்டோரியம் சிகிச்சையிலும், சிலரை மெட்ராஸின் நெரிசலான வீடுகளிலேயும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகமெங்கும் சானட்டோரியங்கள் காலியானதற்கு அந்த முடிவு முக்கியக் காரணம். நம் ஊர் வறுமை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்த ஆய்வில் கொடுத்தவை வாய்வழி மருந்துகள், ஊசி இல்லை. ஆனால் எல்லோரும் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை. எனவே அதே மையம், வாரம் இரண்டு முறை நோயாளியை வரவழைத்துக் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநயாசிடும் கொடுக்கும் முறையைச் சோதித்து 1964-ல் வெளியிட்டது. மாத்திரையைத் துப்பலாம், ஊசியைத் துப்ப முடியாது. ஊசிக்கு இப்படி ஒரு பூட்டு வேலையும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பூட்டின் சாவியை நானும் பிடித்திருக்கிறேன். 2000களின் தொடக்கத்தில், ஒருமுறை சிகிச்சை எடுத்தும் நோய் திரும்பியவர்களுக்கு இரண்டு மாதத்தில் 24 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் என்பது தேசியத் திட்டத்தின் விதி. எங்கள் வார்டில் ஒரு சபையின் உபதேசியார் இருந்தார். பத்தாவது ஊசி வாக்கில், 'சிஸ்டர், காதுக்குள்ள சில்வண்டு இரையுது' என்றார். 'எப்பத்துலேர்ந்து அண்ணாச்சி?' என்று கேட்டு எழுதிவைத்து, ரவுண்ட்ஸில் சொன்னேன். கோர்ஸை முடிக்கட்டும் என்று பதில் வந்தது. சொன்னவர் இரக்கமில்லாதவர் இல்லை. கைவசம் வேறு மருந்து இல்லை, கேட்கும் திறனை அளக்க ஆடியோமீட்டரும் இல்லை. உபதேசியார் குணமானார். அதற்குப் பிறகு ஆராதனையில் கீர்த்தனை பாடும்போது ஆர்மோனியத்துக்கு ஒரு வரி முன்னால் போய்விடுவாராம். யாரும் சிரிக்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். திட்டத்தின் பதிவேட்டில் அவர் 'குணமடைந்தவர்'. அந்தப் பதிவேட்டில் காதுக்குக் கட்டம் கிடையாது.

அயர்லாந்துக்கு வந்தபோது இதையெல்லாம் விட்டுவிட்டு வந்ததாக நினைத்தேன். ஆனால் இந்த நாடும் காசநோயால் அடிபட்ட நாடு. 1948-ல் சுகாதார அமைச்சரான நோயல் பிரவுன், பெற்றோரையே அந்நோய்க்குப் பறிகொடுத்தவர், தானும் நோயாளியாக இருந்தவர். சானட்டோரியப் படுக்கைகளை வேகமாகப் பெருக்கினார். அப்படி ஒரு படுக்கையில் பதினைந்து வயதில் கிடந்த ஒருவரை அவருடைய எண்பதாவது வயதில் நான் கவனித்துக்கொண்டேன். வெள்ளைப் பலகையில் எழுதித்தான் பேசுவோம். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார். பயம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சமநிலை உறுப்பு செத்தவர்கள் கண்ணை வைத்துத்தான் நிற்கிறார்கள், இருட்டில் விழுந்துவிடுவார்கள். அவருடைய பராமரிப்புக் குறிப்பில் இரவு விளக்கு கட்டாயம் என்று எழுதிவைத்தேன். ஒருநாள் பலகையில் எழுதினார்: எல்லோரும் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள், ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை.

எழுபது வருடம் இது மாறாததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இறந்தவர்களைப் பதிவேடு எண்ணியது. காது போனவர்கள் நன்றியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜப்பானில் ஹமாவோ உமேசாவா 1957-ல் கண்டறிந்த கனமைசின், அதே குடும்பம், காதுக்கு இன்னும் கொடியது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு அதை மாதக்கணக்கில் தினமும் போட்டார்கள். 1993-ல் இன்னொன்றும் தெரிந்தது. தாய் வழியாக மட்டும் வரும் ஒரு மைட்டோகாண்டிரிய மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு இந்த மருந்துகள் சில ஊசிகளிலேயே காதைப் பறித்துவிடும். சீனக் குடும்பங்களிலும் ஓர் அரபுக் குடும்பத்திலும் அதைக் கண்டார்கள். இப்போது மான்செஸ்டரில், ஜென்டாமைசின் தேவைப்படும் பச்சிளம் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து, அரை மணி நேரத்துக்குள் அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள்.

மௌனத்தை உடைத்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே, மும்பையின் நந்திதா வெங்கடேசன். இருவரும் இளம்பெண்கள், இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள், இருவரும் சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்தவர்கள். நந்திதா பரதநாட்டியக் கலைஞர். ஃபுமேசாவுக்குப் பின்னால் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்தார்கள். மயிர்ச்செல் போனாலும் நரம்பு மிச்சமிருப்பதால்தான் அது வேலை செய்கிறது.

பெடாகுயிலின் என்ற மாத்திரை வந்தபின் ஊசி இல்லாமலே சிகிச்சை சாத்தியமானது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் கனமைசினைக் கைவிடச் சொன்னது. அமிகாசின் கொடுப்பதானால் கேட்கும் திறனைத் தொடர்ந்து அளக்கும் வசதி இருக்க வேண்டும் என்றது. பெடாகுயிலின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பது முதலிலிருந்தே விதி. இதயத்துக்கு அந்த மரியாதை உடனே கிடைத்தது.

ஆனால் மாத்திரை விலை அதிகமாக இருந்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் அதன் காப்புரிமையை மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்கும் வகையில் விண்ணப்பம் போட்டிருந்தது. 2019-ல் ஃபுமேசாவும் நந்திதாவும் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த ஜூலையில் மூலக் காப்புரிமையும் முடிந்தது. இப்போது இந்திய நிறுவனங்களே அந்த மாத்திரையைத் தயாரிக்கின்றன.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். காது சரியாகக் கேட்காத நண்பர்கள் யாராவது இருந்தால் திரையில் எழுதுங்கள், நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.